கருவியும் காரணமும்: கொல்லிப்பாவையும் தாள் உருவமும்

கொல்லிமலையில் நின்றதாகச் சங்கப் பாடல்கள் போற்றும் கொல்லிப்பாவையைத் தெய்வம் வகுத்தது என்று குறுந்தொகையில் பரணர் பாடுகிறார். நற்றிணைப் பாடலொன்று அதனைப் பூதம் அமைத்தது என்கிறது. காற்று மோதினாலும் இடி தாக்கினாலும் நிலமே அதிர்ந்தாலும் அதன் வடிவம் திரியாது என்று மற்றொரு நற்றிணைப் பாடல் கூறுகிறது. செய்தவரையும் செய்பொருளின் உறுதியையும் இவ்வளவு விரிவாகச் சொல்லும் இப்பாடல்கள், எந்தக் கருவியால் அது செய்யப்பட்டது என்று சொல்லவில்லை. தெய்வம் செய்வதற்குக் கருவி வேண்டுமா, வேண்டுமெனில் அது மனிதன் தேர்ந்தெடுக்கும் கருவியைப் போன்றதா என்னும் வினா இங்கே எழுகிறது.

சைவ சித்தாந்தம் இவ்வினாவை நேராகவே எதிர்கொள்கிறது. ஒரு பொருள் தோன்ற மூன்று காரணங்கள் வேண்டும் என்பது அதன் கொள்கை. குடத்திற்கு மண் முதற்காரணம், அதாவது குடமாகவே மாறும் பொருள். தண்டும் சக்கரமும் துணைக்காரணம். குயவன் நிமித்த காரணம், அதாவது அறிந்து செய்பவன். உலகத்திற்கு மாயை முதற்காரணமாகவும், சக்தி துணைக்காரணமாகவும், சிவன் நிமித்த காரணமாகவும் அமைகின்றனர். கருவியே இல்லாத படைப்பை இக்கொள்கை ஏற்பதில்லை. ஆயினும் சக்தி சிவனிலிருந்து பிரித்தறிய முடியாதவளாதலால், இறைவன் தன் கருவியைத் தேடவோ தேரவோ வேண்டியதில்லை. தேர்வு என்பது கருவி தனக்குப் புறம்பாக உள்ளவனுக்கே உரியது; மனிதத் தொழிலின் எல்லையும் அதன் அறிவும் ஒருங்கே வெளிப்படும் இடம் அதுவே.

இதனைத் தாளால் சிற்றுருவம் செய்யும் கலையில் மிகத் தெளிவாகக் காணலாம். ஒரு சிவாலய விமானத்தை நூற்றில் ஒரு பங்கு அளவில் கெட்டித்தாளில் அமைக்க முற்படுபவருக்கு, 30 செ.மீ. அகலமுள்ள கூடு, அதாவது குதிரைலாட வடிவிலான அலங்கார வளைவு, 3 மி.மீ. ஆகிவிடுகிறது. விரல்நுனி ஒரு சென்டிமீட்டருக்கும் மேல் அகலமுடையது. அது தொட்ட உடனே மடிக்க வேண்டிய கோட்டையும் அதன் பக்கத்துக் கோடுகளையும் சேர்த்து மறைத்துவிடும். ஆகவே நுனி தட்டையான சாமணம், அதாவது சிறு பொருள்களைப் பற்றும் மெல்லிய இடுக்கி, விரலின் இடத்தை ஏற்கிறது. மடிக்கும் முன் கோட்டை அழுத்திப் பள்ளமாக்க மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனா போதும். மடித்த விளிம்பைத் தேய்த்துப் படியவைக்க, நூல் கட்டுவோர் பயன்படுத்தும் எலும்புத் துண்டு உதவும். தூண்போல் சுருட்ட வேண்டிய துண்டுக்குப் பல்குச்சியோ ஊசியோ உருளையாகும். கத்தியால் பாதி ஆழம் கீறி மடிப்போரும் உண்டு. ஆனால் கீறல் தாளின் நார்களை அறுத்துவிடுவதால், மிகச் சிறிய துண்டுகளில் மடிப்பு எளிதில் பிரிந்துபோகிறது. நாரை அறுக்காமல் நசுக்கிப் பணியவைக்கும் மழுங்கிய நுனியே அவ்விடத்தில் மேலானது. தாளின் நார்கள் பெரும்பாலும் ஒரு திசையில் ஓடுகின்றன. அத்திசையில் மடித்தால் விளிம்பு சீராக விழும், குறுக்கே மடித்தால் பிசிறும். பனிமூட்டமும் மழையும் மிகுந்த கொல்லிமலை போன்ற இடத்தில் தாள் ஈரத்தை உறிஞ்சி, நாருக்குக் குறுக்குத் திசையில் கூடுதலாக விரிந்து வளையும் என்பதால், முதற்காரணத்தின் இயல்பை அறியாமல் துணைக்காரணத்தைத் தேர முடியாது.

அன்னம்பட்டர் வடமொழியில் இயற்றி, 18ஆம் நூற்றாண்டில் சிவஞான முனிவர் தமிழில் தந்த தருக்கசங்கிரகம் கருவியைக் கரணம் என்று அழைத்து, ஒரு செயலுக்கே சிறப்பாக உரிய காரணம் என அதனை வரையறுக்கிறது. நியாய நூலார், அதாவது தருக்கவியலார், இதனோடு வியாபாரம் என்பதையும் சேர்த்தனர். வியாபாரம் என்பது கருவிக்கும் பயனுக்கும் இடையே நிகழும் செயற்பாடு, மரத்தில் கோடரி சென்று பதிவதைப் போன்றது. இந்தச் சேர்க்கை மிக நுட்பமானது. மேசைமேல் கிடக்கும் சாமணம் இன்னும் கரணமாகவில்லை. துண்டின் விளிம்பைப் பற்றிக் கோட்டின்மேல் சரியாகப் பொருந்தும் கணத்திலேயே அது கரணமாகிறது. விலையுயர்ந்த கருவிப் பெட்டியை வாங்கிவிட்டால் தேர்வு முடிந்தது என்று கருதுவது இதனால் பிழையாகிறது. ஒவ்வொரு மடிப்பிலும் தேர்வு புதிதாக நிகழ வேண்டியிருக்கிறது.

சித்தாந்தம் இன்னும் ஒரு படி உள்ளே செல்கிறது. சாமணத்தைப் பிடிக்கும் கையும் ஒரு கருவியே. அது கன்மேந்திரியங்கள் எனப்படும் ஐந்து தொழிற்கருவிகளுள் ஒன்று. கைக்கும் பின்னால் மனம், புத்தி, சித்தம், அகங்காரம் என்னும் நான்கு அந்தக்கரணங்கள், அதாவது உட்கருவிகள் இருக்கின்றன. மனம் பற்றியதை, இது இன்னது என்று நிச்சயிப்பது புத்தி. இவற்றை உயிர் தானே தேர்ந்துகொள்வதில்லை. வினைக்கு ஏற்ப அவை அதற்குக் கூட்டப்படுகின்றன. தேரக் கிடைப்பது இச்சங்கிலியின் கடைசிக் கண்ணியாகிய புறக்கருவி மட்டுமே. அதுவும் உயிருக்குக் கூட்டப்பட்ட கருவிகளின் நிலைக்கு இசைய வேண்டும்: நடுங்கும் கைக்கு முழங்கையை மேசையில் ஊன்றவிடும் நீண்ட சாமணமும், மங்கிய கண்ணுக்கு உருப்பெருக்கிக் கண்ணாடியும் பொருந்துகின்றன, உறுதியான இளங்கைக்குக் குட்டையான கூர்நுனியே போதும். ஒருவருக்கு ஏற்ற கருவி மற்றவர் கையில் தாளைக் கிழிப்பதற்குக் காரணம், அவ்விருவருக்கும் கூட்டப்பட்ட கருவிகள் வேறாயிருப்பதே.