கூசாமல் நீட்டுங்கள் அந்தக் கூப்பனை!

பில் போடும் வரிசையில் நிற்கிறீர்கள். பர்ஸில் மடித்து வைத்த 50 ரூபாய் கூப்பன் இருக்கிறது. பின்னால் நான்கு பேர். 'அம்பது ரூபாய்க்கு அலையுது பார்' என்று நினைப்பார்களோ? எடுக்கப்போன கை பாதியில் நிற்கிறது. முழுப் பணத்தையும் கட்டிவிட்டு வெளியே வருகிறீர்கள்.

அந்த 50 ரூபாய் என்ன தெரியுமா? முன்பின் தெரியாத நான்கு பேரின் பார்வைக்கு நீங்கள் கட்டிய கப்பம்! மாதக் கடைசியில் உங்கள் பருப்பு டப்பா காலியானால் அவர்களில் யார் வந்து நிரப்பப் போகிறார்கள்?

கணக்குப் பார்ப்பது கஞ்சத்தனமா? 1844-இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் நெசவாளர்களும் பிற தொழிலாளர்களுமாக 28 பேர் சேர்ந்து ஒரு சின்னக் கடை திறந்தார்கள். மாவு, சர்க்கரை, வெண்ணெய் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய சரக்குதான். ஆனால், வாங்கியவருக்கு வாங்கிய அளவுக்கேற்ப லாபத்தில் பங்கு! அந்த மளிகைக் கணக்குதான் உலகக் கூட்டுறவு இயக்கத்துக்கே வழிகாட்டியது. 1904-இல் நம் திருவல்லிக்கேணியிலும் நகரக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. நாலு காசுக்குக் கணக்குப் பார்க்க அவர்கள் கூசியிருந்தால் இந்த வரலாறே இல்லை.

ஒன்றை மனதில் நிறுத்துங்கள். கூப்பன் பிச்சை அல்ல. வியாபாரி போடும் தூண்டில். முள்ளில் மாட்டாமல் புழுவை மட்டும் கவ்வும் மீனாக நீங்கள் மாற வேண்டும். அதற்குத் துணிச்சலோடு பயிற்சியும் வேண்டும்.

முதலில் பட்டியல், பிறகுதான் கூப்பன். '499 ரூபாய்க்கு மேல் வாங்கினால் 50 ரூபாய் தள்ளுபடி' என்கிறது செயலி. உங்களுக்குத் தேவையான சாமான் 420 ரூபாய்தான். தள்ளுபடிக்கு ஆசைப்பட்டு 80 ரூபாய்க்கு பிஸ்கட் சேர்த்தால் கட்டுவது 450. மிச்சமானது 50 அல்ல. கூடுதலாகப் போனது 30! அதே 80 ரூபாய்க்கு அடுத்த வாரம் எப்படியும் வாங்கப்போகும் துவரம் பருப்பைச் சேர்த்தால், அந்த 50 உண்மையிலேயே உங்களுடையது.

அடுத்து, கிராம் கணக்கு. 200 கிராம் பாக்கெட் 48 ரூபாய், 500 கிராம் 130 ரூபாய் என்றால், சின்னதில் கிராம் 24 காசு, பெரியதில் 26 காசு. பெரிய பாக்கெட் என்றாலே மலிவு என்ற நம்பிக்கை அங்கேயே உடைகிறது. எம்.ஆர்.பி. என்பது அதிகபட்ச விலை மட்டுமே. அதற்குக் கீழே விற்கத் தடையில்லை. ஆகவே '10 சதவீதம் தள்ளுபடி' என்ற பலகையைப் பார்த்து மயங்காதீர்கள். தெருமுனை அண்ணாச்சி கடையில் கூப்பனே இல்லாமல் அதைவிடக் குறைவாக இருக்கலாம். விசாரியுங்கள்!

முதல் தடவை தடுமாறத்தான் செய்வீர்கள். 'இது செல்லாதுங்க' என்பார் பில் போடுபவர். முகம் சுருங்க வேண்டாம். 'ஏன் செல்லாது? எவ்வளவுக்கு வாங்கினால் செல்லும்? கடைசித் தேதி என்ன?' என்று கேளுங்கள். தெரியாததைக் கேட்பதில் என்ன வெட்கம்? மூன்று தடவை கேட்டவர் நான்காம் தடவை ஏமாறுவதில்லை.

வாரம் 150 ரூபாய் மிச்சம் பிடித்தால் வருடத்துக்கு 7,800 ரூபாய். யாரிடமும் கைநீட்டாமல், யாருக்கும் வட்டி கட்டாமல், உங்கள் மூளை சம்பாதித்த பணம்! ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொன்ன ஊர் நம்முடையது. அளக்கிறவர் ஏன் தலைகுனிய வேண்டும்?

நாளை அதே வரிசையில் நில்லுங்கள். கூப்பனை எடுத்து நீட்டுங்கள். பின்னால் நிற்பவர் பார்த்தால் பார்க்கட்டும். 'இது எங்கே கிடைச்சுது?' என்று அவர் மெல்லக் கேட்டால், திரும்பி நின்று உரக்கச் சொல்லிக்கொடுங்கள்!