எட்டால் பெருக்குவது

விடிகிறது. திண்ணையில் உள்ளங்கால் பதிகிறது. சிமெண்ட் குளிர்ச்சி.

பால் வண்டி தெருவைத் தாண்டிவிட்டது. அதிர்வு இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

*

அரூரில் கிணறு வெட்டினால் பாறை. ஏறக்குறைய 250 கோடி வருடப் பழசு. அதன் மேல் ஒரு வீடு, ஒரு திண்ணை, ஒரு தம்ளர் காபி.

*

தீர்த்தமலைப் பக்கம் எங்கோ குவாரி வெடி.

காலுக்கு முதலில் தெரிகிறது. காதுக்குப் பிறகு. நடுவில் எண்ணுகிறேன். நிலநடுக்கப் பதிவு நிலையத்திலிருந்து ஓய்வு பெற்று ஒன்பது வருடம். எண்ணுவது நிற்கவில்லை.

*

நிலநடுக்கத்தின் முதல் அலை பாறைக்குள் நொடிக்குச் சுமார் 6 கி.மீ. லேசாகத் தட்டிவிட்டுப் போகிறது. அடுத்தது மூன்றரை. வீட்டை ஆட்டுவது அது.

நடுவில் உள்ள நொடிகளை எட்டால் பெருக்கினால் தூரம்.

இருக்கும் இடத்திலேயே கருவி வைத்தால், முன்னெச்சரிக்கைக்குக் கிடைப்பதும் அந்த நொடிகள்தான். 60 கி.மீ. தள்ளி இருப்பவருக்கு ஏழு. கருவி கண்டுகொள்ள, அதிலும் சில கழிகின்றன.

மையத்தின் மேலேயே படுத்திருப்பவருக்கு எதுவும் இல்லை.

கில்லாரி நிலநடுக்கம். 1993 செப்டம்பர் 30. விடியற்காலை நான்கு மணிக்குச் சற்று முன். கல் சுவர்கள். எல்லோரும் தூக்கத்தில்.

*

1897 ஜூன் 12, அசாம் குலுங்குகிறது. தொலைதூரக் கருவிகளில் விழுந்த அதன் கோடுகளை நிலவியலாளர் ஆர்.டி. ஓல்டாம் பார்க்கிறார். இரண்டு அலைகளையும் தனித்தனியே பிரிக்கிறார். 1906இல், பூமிக்கு நடுவே ஒரு கரு உண்டு என்கிறார்.

எத்தனை நாள் அந்தக் கோடுகளையே பார்த்திருப்பார்.

*

நிலையத்தில், பதிவு உருளையின் மேல் ஊசி ஒருபோதும் சும்மா இருந்ததில்லை. லாரி. காற்று. மாடு.

எல்லாம் அடங்கிய நள்ளிரவிலும் ஒரு மெல்லிய ஏற்ற இறக்கம். ஆறு நொடிக்கு ஒன்று போல. அது கடல்.

அரூரிலிருந்து கடல் 100 கி.மீ.க்கு மேல். இங்கே கருவி வைத்தாலும் அது தெரியும்.

மூச்சு உள்ளே போகிறது. வெளியே வருகிறது.

*

2004 டிசம்பர் 26. ஞாயிற்றுக்கிழமை. விடுப்பு. இதே திண்ணை.

காலை 6:28. சுமத்ராவுக்கு அருகே கிளம்பிய முதல் அலை ஐந்து நிமிடத்துக்குள் இந்தப் பாறையைக் கடக்கிறது. பல் துலக்கிக்கொண்டிருக்கிறேன். காலுக்கு எதுவும் தெரியவில்லை.

வேப்பமரம் அசையவில்லை. தண்ணீர்த் தொட்டியில் ஒரு காக்கை.

*

மறுநாள் நிலையத்தில் பதிவுத் தாள். கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, கறுப்பு.

பழக்கம். முதல் அலை, அடுத்த அலை, நடுவில் அளக்கிறேன். எட்டால் பெருக்குகிற தூரம் இல்லை இது. ஆனாலும் விரல் அளக்கிறது.

*

2007 அக்டோபரிலிருந்து ஐதராபாத்தில் ஒரு சுனாமி எச்சரிக்கை மையம் கடலுக்காக இரவும் பகலும் விழித்திருக்கிறது.

அதற்கு முன் இல்லை.

*

வெயில் திண்ணைக்கு வந்துவிட்டது. சிமெண்ட் சூடேறுகிறது. காலை எடுக்கவில்லை.

அந்த ஞாயிறு நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் இறந்தவர்கள் ஆறாயிரம் பேருக்கு மேல். அங்கே கடல் வந்துசேர இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆனது.