அம்மாவைக் கேட்டுச் செய்வது

பிள்ளைகள் கவனிக்காமல் விட்ட தாயும் தகப்பனும் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-இல் வந்த பிறகு ஏற்பட்ட வழி இது. மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை கொடுக்கும்படி பிள்ளைகளுக்கு உத்தரவிடலாம். கடைசிவரை பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தை, பார்க்காமல் போனால், திரும்ப எடுத்துக்கொள்ளவும் இடமிருக்கிறது. இப்படிப்பட்ட மனுக்கள் வந்து சேரும் ஓர் அலுவலகத்தில்தான் எனக்கு வேலை. மனுவைப் பதிந்து, எண் கொடுத்து, விசாரணைக்கு அழைப்பு அனுப்பும் வேலை.

மனுவில் எழுதியிருப்பது சோறு, மருந்து, வாடகை. விசாரணை நாளில் அந்தத் தாய்மார் வாய் திறந்து பேசுவது பெரும்பாலும் வேறொன்று. வீட்டை விற்றது பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான் எனக்குத் தெரியும் என்பார் ஒருவர். பேத்திக்கு மாப்பிள்ளை பார்த்ததை என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பார் இன்னொருவர். எதிரே நிற்கும் பிள்ளைகள் எல்லாரும் கல்நெஞ்சர்கள் என்று எண்ணிவிடக் கூடாது. மாதம் தவறாமல் அரிசி வாங்கிப் போடுகிறவர்கள் அவர்களில் உண்டு. அம்மா எங்களுக்குச் சாமி மாதிரி என்று அதிகாரி முன்னால் கண்கலங்கச் சொல்லுகிறவர்களும் உண்டு. அதை அவர்கள் மனசாரத்தான் சொல்லுகிறார்கள். ஆனால் எங்கள் பக்கத்தில் சாமியிடம்கூடப் பூக்கட்டிப் போட்டு உத்தரவு கேட்டுத்தான் ஒரு காரியத்தைத் தொடங்குவோம். பெற்றவளிடம் அந்த உத்தரவைக் கேட்பதில்லை.

தாயின் தியாகத்தைப் பற்றி நம்மிடம் பேச்சுக்குப் பஞ்சமே இல்லை. பள்ளி ஆண்டுவிழாவில் பேசுகிறோம், படங்களில் பார்த்து அழுகிறோம். தியாகத்தைப் பாராட்ட அழுதால் போதும், எழுந்து போய்விடலாம். ஒருத்தியின் அறிவைப் பாராட்டுவதற்கு அவள் பக்கத்தில் உட்கார வேண்டும், கேட்க வேண்டும், கேட்டபடி நடக்கவும் வேண்டும். அதனால்தான் முதலாவது நமக்குச் சுலபமாக இருக்கிறது. என் அம்மாவைப் பற்றி நான் எழுதுவது அவர் பட்ட பாட்டைச் சொல்லுவதற்காக அல்ல. பாடு பட்டார், அந்தக் கரிசல் காட்டில் அந்த நாளில் படாதவர் யார்? அவருக்குத் தெரிந்தவற்றில் கொஞ்சத்தையாவது சொல்ல வேண்டும் என்பதே என் ஆசை.

எங்கள் ஊர் எட்டயபுரத்துக்குப் பக்கம். காமராசர் 1956-இல் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்த ஊர் எட்டயபுரம். அந்தச் சோற்றைத் தின்று படித்த பிள்ளைகளில் அம்மாவும் ஒருவர். அமெரிக்காவிலிருந்து கேர் நிறுவனத்தின் மூலம் வந்த பால்பவுடரைக் கரைத்துக் கொடுத்ததையும், பவுடரை அப்படியே கையில் கொட்டிச் சொல்லச் சொல்லக் கேளாமல் நக்கித் தின்றதையும் இன்றைக்கும் ருசியோடு சொல்லுவார். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. பிறகு தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கினார். கல்யாணம் ஆனது, நான் பிறந்தேன், அப்பா இறந்துபோனார். 1982 ஜூலை 1-இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது, கணவனை இழந்தவர்களுக்கும் கைவிடப்பட்டவர்களுக்கும் அந்த வேலைகளில் முன்னுரிமை கொடுத்தார்கள். ஒரு மையத்துக்கு ஓர் அமைப்பாளர், ஒரு சமையலர், ஓர் உதவியாளர். அம்மா உதவியாளராகச் சேர்ந்து பின்னால் சமையலர் ஆனார். தான் தட்டேந்திய அதே பள்ளிக்கூடத்தில் கரண்டி பிடிக்க வந்தார்.

நூறு பேருக்குச் சமைப்பது நாலு பேருக்குச் சமைப்பதன் பெருக்கல் கணக்கு என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். அது தனி வித்தை. ஒரு பிள்ளைக்கு நூறு கிராம் அரிசி என்பது அரசாங்கக் கணக்கு. மூட்டையில் வரும் அரிசி மாதத்துக்கு மாதம் ஒரே மாதிரி இராது. பழைய அரிசி தண்ணீரை நிறைய இழுக்கும், புது அரிசி சீக்கிரம் குழைந்துவிடும். காலையில் சொளகில் போட்டுப் புடைக்கும்போதே, அன்றைக்கு எவ்வளவு உலை வைக்க வேண்டும் என்பது அம்மாவுக்குத் தெரிந்துவிடும். சீமைக்கருவை விறகு படபடவென்று எரியும். அண்டா அடி பிடிக்காமல் இருக்க எந்த நேரத்தில் விறகை இழுத்துவிட வேண்டும் என்பது கண்ணுக்கும் மூக்குக்கும் மட்டும் தெரிந்த கணக்கு. கேஸ் அடுப்பு வருவதற்கு முந்தைய ஆண்டுகள் அவை. ஓட்டுக் கொட்டகைக்குள் நிறைந்த புகையில் கண் சிவந்தபடிதான் இந்தக் கணக்குகளையெல்லாம் போட்டார்.

பருப்பைப் பற்றி அவர் சொன்னதை நான் மறக்கவே முடியாது. சாம்பாரில் பருப்பு அடியில் தங்கும். மேலோட்டமாக மொண்டு ஊற்றினால் வரிசையில் முன்னால் நிற்கிறவனுக்குத் தண்ணீர், கடைசியில் நிற்கிறவனுக்குக் கட்டி. வேகமாக ஊற்றி முடிக்கிற கை, ஆளுக்கு ஆள் வேறு சாப்பாடு போடுகிறது. அதனால் ஒவ்வொரு தடவையும் கரண்டியை அடிவரை விட்டு ஒரு கலக்குக் கலக்கித்தான் அம்மா எடுப்பார். நூறு பிள்ளைக்கு நூறு கலக்கு. தோள்பட்டை இறங்கிப்போகும். “கண்ணுக்குத் தெரிஞ்சு ஓரவஞ்சனை செய்யிறவன் கொஞ்சப் பேருதான்யா. கை சோம்பலால செய்யிறவன்தான் அதிகம்” என்று ஒருமுறை சொன்னார். நானும் அந்த வரிசையில் நின்றவன். என் தட்டில் விழுந்ததும் அதே ஒரு கரண்டிதான். ஊற்றும்போது தட்டைத்தான் பார்ப்பார், முகத்தைப் பார்க்க மாட்டார்.

அலுவலகத்தில் மனுக்கள் அடுக்கி வைத்த கட்டின் மேலே இருப்பதை எடுத்து எடுத்து முடிக்கும் பழக்கம் எல்லாருக்கும் வந்துவிடுகிறது. புதிதாக வருவது மேலே உட்காரும், பழையது அடியில் கிடக்கும். நான் காலையில் கட்டைப் புரட்டி அடியிலிருந்து எடுக்கிறேன். இதை எனக்கு எந்தப் பயிற்சி வகுப்பும் சொல்லித் தரவில்லை.

திங்கட்கிழமை அரிசி கூடுதலாகச் செலவாகும் என்பது அம்மாவுக்குத் தெரிந்த இன்னொன்று. சனி, ஞாயிறு பள்ளிக்கூடம் இல்லை. சில வீடுகளில் அந்த இரண்டு நாளும் உலை ஒழுங்காகக் கொதித்திராது. அதனால் திங்கள் அன்று பிள்ளைகள் இரண்டாம் தடவை தட்டை நீட்டுவார்கள். வெள்ளிக்கிழமை யார் பிந்திப் பிந்திச் சாப்பிடுகிறது, யார் கடைசிக் கவளத்தை வாயிலேயே வைத்துக்கொண்டிருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்வார். எந்தப் பிள்ளையிடமும் உங்கள் வீட்டில் சோறு இல்லையா என்று கேட்டதில்லை. அதைக் கேட்காமல் இருப்பதும் ஒரு படிப்பு. சத்துணவால் பிள்ளைகளின் வருகை கூடியது என்று அறிக்கைகள் எழுதும். ஆனால் அந்தக் காலத்தில் எங்கள் வட்டாரத்தில் விடியும் முன்னால் தீப்பெட்டி ஆபீஸ் வண்டி வந்து பிள்ளைகளை வேலைக்கு ஏற்றிக்கொண்டு போகும். ஒரு பிள்ளை இரண்டு நாள் சேர்ந்தாற்போல் வரிசையில் இல்லை என்றால், அம்மா சாயங்காலம் அந்த வீட்டுத் திண்ணையில் போய் உட்காருவார். தானும் குச்சி அடுக்கியவர் என்பதால் அவர் பேச்சு அங்கே எடுபட்டது. வாத்தியார் போய்ச் சொல்லித் திரும்பாத பிள்ளைகள் சிலர் இப்படித் திரும்பியிருக்கிறார்கள்.

பந்தியில் யார் பக்கத்தில் யார் உட்காருவது என்பதை அவர் பிள்ளைகளிடமோ பெற்றோரிடமோ விடவில்லை. வகுப்பு வரிசைப்படி உட்கார வேண்டும், அவ்வளவுதான். தெருப் பெயரைச் சொல்லித் தனியே உட்கார வைக்கச் சொன்னவர்களிடம் சண்டைக்கும் போகவில்லை, இணங்கவும் இல்லை. வரிசையை மாற்ற எனக்கு உத்தரவு இல்லை என்று மட்டும் சொல்லுவார். சத்துணவின் பெரிய வேலை வயிற்றை நிறைப்பதோடு முடியவில்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. 2018-இல்கூட அவிநாசிக்குப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் பட்டியல் சாதிப் பெண் சமைக்கக் கூடாது என்று சிலர் எதிர்த்தார்கள். அவரை வேறு பள்ளிக்கு மாற்றி, பிறகு எதிர்ப்புக் கிளம்பியதும் திரும்ப அங்கேயே அமர்த்தினார்கள். பத்திரிகையில் அந்தச் செய்தியை நான் வாசித்துக் காட்டியபோது அம்மாவின் முகம் இறுகிப்போயிற்று. அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அன்றைக்குச் சாப்பிட்டார்களா என்று கேட்டார். பிறகு வெகுநேரம் பேசவில்லை.

இவ்வளவும் பள்ளிக்கூட வேலை. வீட்டு வேலை இதற்கு முன்னாலும் பின்னாலும் கிடந்தது. ஒன்றிய அரசு 2019-இல் நடத்திய காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதில் நாளொன்றுக்குச் சராசரியாகச் செலவிட்டது 299 நிமிடம். வீட்டு வேலை செய்யும் ஆண்கள் செலவிட்டது 97 நிமிடம். அம்மாவுக்கு இந்தக் கணக்கு தெரியாது. ஆனால் எனக்குக் கை நீண்டு அடுப்பு எட்டியதுமே சோறு வடிக்கச் சொல்லிக் கொடுத்தார். ஆம்பளைப் பிள்ளையை அடுப்படியில் விடுகிறாயே என்று அக்கம்பக்கத்தில் கேட்டார்கள். “சாப்பிடத் தெரியுதுல்ல, ஆக்கவும் தெரியட்டும்” என்பதோடு அந்தப் பேச்சை முடித்துவிட்டார். ஒருவேளைச் சோற்றை ஆக்கத் தெரியாதவன் அந்தச் சோற்றை எப்படி மதிப்பான் என்பது அவர் கேள்வி. இன்றுவரை எனக்கு அதற்கு மாற்றுப் பதில் கிடைக்கவில்லை.

சத்துணவு ஊழியர்கள் காலமுறை ஊதியம் கேட்டுப் பல்லாண்டுகளாகப் போராடுகிறார்கள். முழுநேர அரசு ஊழியராக எங்களை ஏற்றுக்கொள்ளுங்கள் என்பது அவர்கள் கோரிக்கை. அம்மாவும் மறியலுக்குப் போய்க் கல்யாண மண்டபத்தில் அடைபட்டு மாலையில் வீடு வந்திருக்கிறார். தாய்மைக்கு விலை உண்டா என்று அந்தப் பெண்களைப் பற்றி உருகிப் பேசியவர்கள் இருந்தார்கள். அந்த உருக்கம் அம்மாவுக்குப் பிடிக்காது. வேலை செய்தோம், வேலைக்கு ஏற்ற கூலி வேண்டும் என்பார். தாய் என்று கும்பிட்டு உழைப்பின் கணக்கை மூடுவது வீட்டில் மட்டும் நடப்பதில்லை. பெரிய இடங்களிலும் அப்படித்தான் நடக்கிறது. பெற்றவளைக் கும்பிட்டுவிட்டு அவளுக்குத் தெரியாமல் வீட்டை விற்கிற பிள்ளையும் அந்த மரபைத்தான் பின்பற்றுகிறான்.

அம்மா இப்போது என்னோடு இருக்கிறார். முட்டி தேய்ந்துவிட்டது, கண்ணில் புரை எடுத்தாயிற்று. என் மகள் எந்தக் கல்லூரியில் சேருவது என்ற பேச்சு வந்தபோது அவரைக் கூடத்தில் உட்கார வைத்துத்தான் பேசினோம். அவருக்குப் பாடப்பிரிவுகளின் பெயர் தெரியாது. விடுதியில் சாப்பாடு யார் போடுகிறார்கள், இரவு உடம்புக்கு முடியவில்லை என்றால் யாரைக் கூப்பிடுவது, பாதியில் பிடிக்கவில்லை என்று பிள்ளை சொன்னால் நீங்கள் என்ன சொல்லுவீர்கள் என்று மூன்று கேள்வி கேட்டார். மூன்றாவது கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. மகள் முன்னிலையிலேயே அதைப் பேசித் தீர்த்த பிறகுதான் விண்ணப்பம் போட்டோம். வயதானவர் மனம் கோணக் கூடாது என்பதற்காகச் செய்கிற சடங்கு இல்லை இது. அவர் கேட்டிராவிட்டால் அந்தக் கேள்வி எங்கள் யாருக்கும் தோன்றியிராது.

எல்லாத் தாய்மாரும் இப்படித்தான் என்று நான் சொல்ல வரவில்லை. பிள்ளைகளுக்குள் ஓரவஞ்சனை செய்த தாய்மாரையும் விசாரணையில் பார்க்கிறேன். கேட்டால் தவறான யோசனை சொல்லுகிறவர்களும் இருப்பார்கள். அதற்காகக் கேட்காமலே இருந்துவிட முடியாது. கேட்டு, மாறுபட்டு, ஏன் மாறுபடுகிறேன் என்று எதிரில் உட்கார்ந்து சொல்லுவதும் மரியாதைதான். அம்மா சொன்னதற்கு மாறாக நான் செய்தவையும் உண்டு. முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத்தான் செய்தேன். அவர் வருந்தினார், புறக்கணித்ததாக ஒருநாளும் சொன்னதில்லை.

2022 செப்டம்பரில் மதுரையில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள் சமைக்கிறார்கள் என்று தொலைக்காட்சியில் சொன்னார்கள். அம்மாவுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. திங்கட்கிழமைப் பிள்ளைகளை நினைத்துக்கொண்டார். சற்று நேரம் கழித்து, “காலையில பள்ளிக்கூடத்துக்கு உப்புமா கிண்டணும்னா இருட்டோட போகணுமே. அந்தப் பொம்பளைக வீட்டுச் சின்னதுகள யாரு பாக்குறது?” என்றார். அந்தத் திட்டத்தைப் பாராட்டியும் குறை சொல்லியும் நான் நிறையப் படித்திருக்கிறேன். இந்தக் கேள்வியை எதிலும் பார்க்கவில்லை.

எங்கள் தெருவில் அந்த வேலைக்குப் போகும் ஒரு பெண் இருக்கிறாள். அம்மா கம்பை ஊன்றிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போய், பள்ளிக்கூட வயது வராத கடைசிப் பிள்ளையைக் காலையில் நம் வீட்டில் விட்டுப் போகச் சொல்லிவிட்டு வந்தார். போவதற்கு முன்னால் என்னையும் என் மனைவியையும் கூப்பிட்டு, உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டார். கேட்டுவிட்டுத்தான் போனார். பையன் விடியக்காலம் தூக்கக் கலக்கத்தோடு வந்து அம்மா பக்கத்தில் படுத்துக்கொள்கிறான். எழுந்ததும் பசிக்கும் அவனுக்கு. பால் காய்ச்சுவதும் இட்லி ஊற்றுவதும் என் பொறுப்பு.