வருமுன் காக்கும் அறம்

நோயுற்றுக் கிடந்தான் ஒருவனை மருத்துவன் பிழைப்பித்தால், அவன் தன் வாழ்நாள் உள்ளளவும் அம்மருத்துவனை நினைந்து கைகுவிக்கின்றான். ஊருணியைத் தூய்மை செய்து வாந்திபேதி வாராமற் காத்தான் ஒருவனை நினைந்து கைகுவிப்பார் யாருமிலர். முன்னவனாற் பிழைத்தவன் தான் பிழைத்ததனை அறிவான். பின்னவனாற் பிழைத்த நூற்றுவரோ தாம் பிழைத்தமையையே அறியார். வந்த நோயைத் தீர்த்தற்கே பெரும்பொருளும் பெரும்புகழும் செல்ல, வாராமற் காத்தல் பின்னிடத்தில் நிற்றற்கு இவ்வறியாமை ஒரு பெருங்காரணம் எனலாம். இம்முறை மாறி, வருமுன் காத்தல் முன்னிடம் பெறுதல் வேண்டும் என்பது இன்று பல நாட்டாரும் கூறுங் கருத்து. அது செலவு பற்றிய கணக்கு மாத்திரமோ, அன்றி அறம் பற்றிய கடனோ என்பதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

வருமுன் காத்தல் நமக்குப் புதியதொரு கொள்கையன்று. திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தை நோக்குவார்க்கு இது விளங்கும். அதன் பத்துக் குறள்களுள் மருத்துவன் செயலைப்பற்றியன இறுதி மூன்றே. நடுநின்ற ஆறும் உண்ணும் முறையையும் அளவையுமே கூறுகின்றன. மருந்து என்று பெயரிட்டு, மருந்து வேண்டாமைக்குரிய ஒழுக்கத்தையே ஆசிரியர் விரித்தோதினார். ஆயினும், உணவின் அளவு ஒருவன் தன்னளவில் நின்று காக்கத்தக்கது. ஊரொடும் நாட்டொடும் கூடியன்றிக் காக்கவொண்ணாத நோய்களும் பல உள. அவற்றின்கண்ணேயே இவ்வறத்தின் அருமை நன்கு புலப்படும். அதற்கு ஈழநாட்டு வரலாறு ஒன்று தக்க சான்றாம்.

1934 ஆம் ஆண்டில் இலங்கையில் மழை பொய்த்தது. ஓடிய ஆறுகள் வற்றிக் குட்டைகளாய்த் தேங்கின. அவற்றிற் பல்கிய கொசுக்களால் மலேரியாக் காய்ச்சல், அதுகாறும் அதனை மிகுதியும் அறியாத தென்மேற்குப் பகுதிகளிலும் பரவிற்று. 1935 ஆம் ஆண்டின் இறுதிக்குள் ஏறத்தாழ 80,000 மக்கள் மாண்டனர். கொயினா மருந்து இருந்தும், மருத்துவர் இருந்தும், வீழ்ந்தபின் எடுக்க முயன்றமையின் அழிவு அத்துணைப் பெரிதாயிற்று. ஏறத்தாழப் பத்தாண்டுகள் கழித்து, வீட்டுச் சுவர்களில் டி.டி.டி. என்னும் கொசுக்கொல்லியைத் தெளிக்கும் பணி தொடங்கிற்று. நோய் படிப்படியாகக் குறைந்து, 1963 ஆம் ஆண்டில் நாடு முழுதும் 17 பேர்க்கே காணப்பட்டது.

அதன்பின் நிகழ்ந்ததே நாம் ஊன்றிக் கருதத்தக்கது. நோய் தொலைந்தது என்னும் எண்ணத்தால் தெளிப்புப் பணி நிறுத்தப்பட்டது, காவலுந் தளர்ந்தது. மழைக்குறைவு முதலிய பிற காரணங்களும் உடன்சேர, நோய் மீண்டெழுந்து 1969 ஆம் ஆண்டில் மட்டும் 5 இலட்சத்திற்கு மேற்பட்டாரைப் பற்றியது. பதினெழுவர் எங்கே, ஐந்திலட்சத்தார் எங்கே! காவலின் பயனாய் விளைந்த நலத்தைக் கண்டு, காவலே வேண்டாமெனத் துணிந்ததன் விளைவு இது. குடையின்கீழ் நனையாது நின்றான் ஒருவன், மழை இல்லையெனக் குடையை மடக்கினாற் போலாயிற்று.

பின்னர் அந்நாட்டார் பல்லாண்டு உழைத்தனர். போர் நிகழ்ந்த காலத்தும் இப்பணி முற்றும் அற்றுப் போகவில்லை. 2012 ஆம் ஆண்டு அக்டோபருக்குப்பின் மூன்றாண்டுகளுக்கு மேலாக உள்நாட்டிலே தொற்றிய மலேரியா காணப்படாமையின், 2016 ஆம் ஆண்டு செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா நீங்கிய நாடெனச் சான்றளித்தது. வென்றபின்னும், வெளிநாட்டிலிருந்து வருவாரிடத்து இந்நோய் உளதோவெனத் தேடுங் காவலை அவர் விட்டிலர். ஒருமுறை பெற்ற பாடம் பயன்பட்டது என்க.

இக்காவல் தளர்தற்குரிய காரணத்தை இங்கிலாந்து நாட்டு மருத்துவ அறிஞர் ஜெப்ரி ரோஸ் என்பார் 1981 ஆம் ஆண்டில் ஒரு முரணாக எடுத்துக் காட்டினார். ஊர் முழுதுக்கும் பெருநன்மை பயக்கும் தடுப்புமுறை, அதனை மேற்கொள்ளும் தனியொருவனுக்குச் சிறு நன்மையே பயப்பதாகும் என்பது அவர் கருத்து. ஆயிரம் வீட்டார் தத்தம் சுவரில் மருந்து தெளிக்க இடங்கொடுக்கின்றனர். அதனால் எவ்வீட்டான் தப்பினான் எனச் சுட்டிக்காட்டுதல் இயலாது. ஆகவே, 'என் வீடொன்று ஒழிந்தால் என்னாம்?' என ஒவ்வொருவனும் எண்ணுகின்றான். தன்னலக் கணக்கு இவ்விடத்து உதவாது. கணக்கு நின்றுவிடும் இடத்தினின்றே அறம் தொடங்குகின்றது.

அற்றேல், நோய் பண்டை வினையின் பயனன்றோ? வருவதனைத் தடுக்க வல்லார் யார் எனின், அங்ஙனங் கூறுவார் காய்ச்சல் கண்டவழி மருத்துவனை அழைத்தலும் ஒழிதல் வேண்டும். வந்தபின் முயலுதற்கு இடங்கொடுக்கும் வினை, வருமுன் முயலுதற்கு மாத்திரம் இடங்கொடாது என்றல் பொருந்தாது. கடைக்கால் முயற்சியை உடன்பட்டுத் தலைக்கால் முயற்சியை மறுப்பது, வினைக்கொள்கையின்மேல் ஏற்றிக் கூறப்படும் மடியே யாம்.

இனி, நோய் தடுக்கத்தக்கதாயின், நோயுற்றார் எல்லாரும் தம் குற்றத்தால் உற்றவரோ என ஒரு வினா எழும். இஃது அஞ்சத்தக்க வினா. வருமுன் காத்தலை வற்புறுத்துவார் சிலர், நீரிழிவும் இரத்தக்கொதிப்பும் உற்றாரை ஒழுக்கமிலார் என இகழ்தலுங் காண்கின்றோம். மலிந்த உணவன்றிப் பிறிது வாங்க வகையில்லாத கூலியாளனை அளவும் வகையும் அறிந்து உண்கவென அறிவுறுத்தி அகல்வது எளிது. கழிவுநீர் ஓடும் தெருவிற் பிறந்த குழவி என்ன குற்றம் செய்தது? காத்தற் கடமையிற் பெரும்பங்கு ஊர்க்கும் அரசுக்கும் உரியது. அதனை மறந்து உற்றாரைப் பழித்தல், அறத்தின் பெயரால் அருளைக் கொல்லுதலாம்.

மற்றொரு தடையே வலியது. கண்முன் ஒருவன் துடிக்கும்போது, இனி நோயுறக்கூடும் ஒருவன்பொருட்டுப் பொருளைச் செலவிடுதல் தகுமோ என்பது. துடிப்பவனைக் கைவிடுதல் ஒருகாலும் ஆகாது. மருத்துவச்சாலையை மூடிச் சாக்கடை கட்டுகவென யாமுங் கூறேம். ஆயினும், நம் முன்னோர் அன்பினையும் அருளினையும் வேறு பிரித்தமையை இவ்விடத்து நினைத்தல் வேண்டும். அன்பு தொடர்புடையார்மாட்டுச் செல்வது. அருள் தொடர்பு நோக்காது எல்லா உயிர்மேலுஞ் செல்வது. கண்ட துன்பத்திற்கு இரங்குதல் அன்பானும் அமையும். முகமறியாதானுக்கு, இனிப் பிறப்பானுக்கு, தான் காக்கப்பட்டமையை என்றும் அறியாதானுக்கு இரங்கி உழைத்தல் அருளானன்றி அமையாது. நன்றியும் புகழும் பெறாத அவ்வுழைப்பிற் கைம்மாறு என்பதற்கே இடமில்லை. ஆதலின், வருமுன் காத்தல் செலவு பற்றிய கணக்கு மாத்திரமன்று. அருள் நெறியின் கடனுமாம்.

மருத்துவச்சாலையின் வாயிலில், கட்டினார் பெயரைக் கல்லிற் பொறிக்கின்றனர். குளத்து நீரை நாடோறும் சோதிப்பானுக்கும், வீடுதோறும் நடந்து குழவிகட்குத் தடுப்பூசியிடும் செவிலிக்கும் கல் இல்லை. அவர்க்குரிய ஊதியமும் மதிப்பும் குறைவின்றி அளித்தலும், நோய் ஒழிந்த ஆண்டிலும் அவர் பணியை நிறுத்தாமையும் அரசின் கடமை. அவர் வாயிலில் வந்து நிற்கும்போது முகஞ்சுளியாது வரவேற்றல் நம் கடமை. யாதொரு தீங்கும் நிகழாது கழிந்த ஒரு நாளை, யாரோ ஒருவர் நமக்களித்த கொடையென உணர்வாமாக.