மொழியும் ஆணவமும்

உலகில் மொழிகள் பலவாயது எதனால் என்னும் வினாவிற்கு எபிரேயர் மறையாகிய ஆதியாகமம் 11-ஆம் அதிகாரத்தில் ஒரு விடை கூறுகின்றது. ஒரே மொழி பேசிய மாந்தர், சிநெயார் நாட்டுச் சமவெளியிற் செங்கல் சுட்டு, வானளாவுங் கோபுரம் எடுத்துத் தம் பெயரை நிலைநிறுத்தக் கருதினர். இறைவன் அவர்தம் மொழியைக் குழப்பி அவரைச் சிதறச் செய்தனன். அவ்விடம் பாபேல் எனப்பட்டது என்பது அக்கதை.

சைவர் இதனை ஆராயுங்கால் இரண்டனைப் பிரித்தறிதல் வேண்டும். செருக்கிற்கு மூலம் ஆணவமலம். அஃது அநாதியே உயிரைப் பற்றியது. மொழிக்கு மூலம் சுத்தமாயை. அதனின்றே சூக்குமை, பைசந்தி, மத்திமை, வைகரி என்னும் நால்வகை வாக்குந் தோன்றும். ஆணவம் இருள்; மாயை விடியுமளவும் உதவும் விளக்கு. விளக்குகள் பலவாயினமையால் இருள் மிகுவதில்லை. மொழி ஒன்றாயிருந்த காலத்தே செருக்கு எழுந்தமையை அக்கதைதானே காட்டுகின்றது. ஆதலின் மொழிப்பன்மை நோயன்று. 'யான், எனது' என்பதே நோய். அயனும் மாலும் தாமே பரமென்று பிணங்கி, அழற்பிழம்பின் அடிமுடி காணாது இளைத்தமையும் இந்நோயாலேயாம்.

சென்னைப் பெசன்ட் நகர் வேளாங்கண்ணி ஆலயத்தில் எபிரேயர் மறை தமிழில் ஓதப்படுகின்றது. அடுத்துள்ள திருவான்மியூரில் மருந்தீசர் திருமுன் வடமொழி மந்திரமும், சம்பந்தரும் அப்பரும் அருளிய பதிகங்களும் ஒலிக்கின்றன. வழிபாட்டிற்கு மொழிப்பன்மை தடையாயிற்றில்லை.

வடமொழியே உயர்ந்ததென்று தமிழை இகழ்வோரும், தமிழே உயர்ந்ததென்று வடமொழியை இகழ்வோரும் சைவருள்ளும் உளர். இருவரும் பாபேற் கோபுரத்திற்குச் செங்கல் அடுக்குவோரே. ஓதும் நாவில் 'யான்' என்பது ஒழியின், எம்மொழியும் திருவருட்கு வாயிலாம்.