பூட்டும் நரம்பும்

2021-இல் அமெரிக்காவின் ராலே நகரிலுள்ள ஒரு சிறு மருந்தாய்வு நிறுவனத்துக்கு ஸ்விட்சர்லாந்திலிருந்து ஓர் அழைப்பு வந்தது. அணு, உயிரி, வேதி ஆயுதங்களிலிருந்து மக்களைக் காப்பதற்கென்றே இயங்கும் ஸ்பீட்ஸ் ஆய்வகம் கருத்தரங்கு நடத்துகிறது. மருந்து தேட உதவும் செயற்கை நுண்ணறிவைக் கெட்டவன் எடுத்தால் என்ன ஆகும் என்று பேச வேண்டும்.

அந்த நிறுவனத்தின் மென்பொருள் புதுப்புது மூலக்கூறுகளை வரைந்து தள்ளும். எதிலாவது நச்சுத்தன்மை தென்பட்டால் மதிப்பெண்ணைக் குறைக்கும். ஆய்வாளர்கள் அதைத் தலைகீழாக்கி, நஞ்சுக்கு மதிப்பெண் கூடும்படி செய்தார்கள். ஆறு மணி நேரத்துக்குள் 40,000 மூலக்கூறுகள் வந்து விழுந்தன. அவற்றில் ஒன்று நரம்பு நஞ்சான விஎக்ஸ். 2017-இல் கோலாலம்பூர் விமான நிலையத்தில் வட கொரியத் தலைவர் குடும்பத்தைச் சேர்ந்த கிம் ஜோங் நாமைக் கொன்ற நஞ்சு அது. ஒரு சில உப்புத்துகள் அளவு போதும், ஆள் காலி. பயிற்சித் தரவில் விஎக்ஸ் இல்லை. இயந்திரம் தானாகவே அங்கே போய்ச் சேர்ந்தது. விஎக்ஸைவிடக் கொடியவை என்று கணிக்கப்பட்ட புதியவையும் பட்டியலில் இருந்தன. எதையும் அவர்கள் தயாரித்துப் பார்க்கவில்லை. 2022 மார்ச்சில் ஓர் ஆய்விதழில் நடந்ததை எழுதினார்கள்.

இதைச் செய்திருக்கலாமா? திருடனுக்குச் சுவரேறக் கற்றுக்கொடுத்த கதைதானே இது என்று கேட்பவர்கள் உண்டு.

பழைய கேள்வி இது. 1851-இல் லண்டன் பொருட்காட்சிக்கு வந்த அமெரிக்கர் ஹாப்ஸ், திறக்கவே முடியாது என்று பேர் வாங்கியிருந்த சப் பூட்டைத் திறந்து காட்டினார். பிராமா கடை பல்லாண்டுகளாக 200 கினி பரிசு அறிவித்து வைத்திருந்த பூட்டையும், 16 நாட்களில் 51 மணி நேரம் உட்கார்ந்து திறந்தார். ஊரே கொதித்தது. பூட்டின் ஓட்டை திருடர்களுக்கு ஏற்கெனவே தெரியும், தெரியாதவர் வீட்டுக்காரர் மட்டுமே என்பது ஹாப்ஸ் தரப்பின் வாதம். பூட்டுகள் மேம்பட்டன. வாதம் வென்றது.

ஆனால் அந்த வாதத்தை எல்லாவற்றுக்கும் நீட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. பூட்டை மாற்றலாம், நரம்பை மாற்ற முடியாது. விஎக்ஸ் முடக்குவது நரம்புகள் இயங்கத் தேவையான அசிட்டைல்கோலினெஸ்டெரேஸ் என்ற நொதியை. (மறதிநோய்க்குத் தரப்படும் டோனெப்பெசில் மாத்திரை அதே நொதியைத்தான் மெல்ல அடக்குகிறது, மருந்துக்கும் நஞ்சுக்கும் இவ்வளவுதான் தூரம்.) புது நஞ்சு ஒன்றின் வடிவம் அச்சில் வந்தால், படித்துவிட்டு மறுநாளே உடம்பைச் சரிசெய்துகொள்ள யாராலும் ஆகாது. கொல்ல நினைப்பவனுக்கு மட்டுமே அந்தப் பக்கம் உதவும்.

மறுபக்கம் இதைப் பாருங்கள். ஹாங்காங்கில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவு ஊழியர் வீடியோ அழைப்பில் தன் நிதித்துறைத் தலைவரையும் சக ஊழியர்களையும் கண்டார், நம்பினார், சுமார் 20 கோடி ஹாங்காங் டாலரை அனுப்பினார். திரையில் இருந்த மற்ற எல்லோருமே போலி முகங்கள். 2024-இல் இது வெளிவந்தது. இந்த வகை மோசடியை ஆராய்கிறவர், முகமும் குரலும் எப்படிப் போலி செய்யப்படுகின்றன என்று விளக்கமாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால் இங்கே தெரிந்துகொள்வதே தற்காப்பு: அழைப்பை வைத்துவிட்டு, தெரிந்த எண்ணுக்குத் திரும்பக் கூப்பிட்டால் போதும்.

ஆகவே ஆராய்வது ஒன்று, அச்சேற்றுவது வேறு. முதலாவதைத் தடுக்க நியாயம் இல்லை என்றே கருதுகிறேன். இரண்டாவதில், பலியாகக்கூடியவர் படித்துவிட்டு அதை வைத்து என்ன செய்துகொள்ள முடியும் என்று பார்க்க வேண்டும். ராலே ஆய்வாளர்கள் எண்ணிக்கையைச் சொன்னார்கள், ஆபத்தைச் சொன்னார்கள், 40,000 மூலக்கூறுகளின் பட்டியலை வெளியிடவில்லை. கூட்டிக்கழித்துப் பார்த்தால் சரியான முடிவு.

ஆராயாமலே இருந்திருக்கலாமே என்பவர்கள் ராலே ஆய்வாளர்களின் கட்டுரையில் ஓர் ஒப்புதலைப் படிக்க வேண்டும். பல்லாண்டுகள் இதே துறையில் வேலை செய்தும், ஸ்பீட்ஸ் அழைப்பு வரும்வரை தங்கள் மென்பொருளை இப்படியும் திருப்பலாம் என்று அவர்களுக்குத் தோன்றியதே இல்லை.