நல்வாய்மைக்கு முன் நற்கேள்வி





பௌர்ணமி தோறும் நாம் ஒன்றுகூடிப் பஞ்சசீலம் ஏற்கும்போது, நான்காவதாகப் பொய்யுரை தவிர்ப்பதாக உறுதி கூறுகின்றோம். அட்டாங்க மார்க்கத்தின் மூன்றாம் அங்கமும் நல்வாய்மையே. பொய், கோள், கடுஞ்சொல், பயனில்சொல் என்னும் நான்கையும் நீக்குதலே நல்வாய்மை என்பதை நம் சிறுவர்களும் அறிவர். நாவைக் காப்பதைப்பற்றி இவ்வளவு பேசுகின்ற நாம், செவியைப் பயன்படுத்தும் முறையைப்பற்றிப் பேசுவது அரிது. பிறர் சொல்லைச் செவ்வையாகக் கேளாதவன் செவ்வையாகப் பேசவும் மாட்டான். இதனையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகின்றேன்.

நம் தம்மம் கேள்வியால் நிலைபெற்ற தம்மம். பகவன் ஒரு நூலையும் தம் கையால் எழுதவில்லை. அவர் பரிநிருவாணம் எய்தியபின் இராசகிருகத்தில் கூடிய சங்கத்தின் முன்னிலையில் ஆனந்த தேரர் எழுந்து, தாம் கேட்டவற்றைக் கேட்டவாறே ஓதினார். இலங்கையில் ஏட்டில் எழுதப்படும்வரை, பல நூற்றாண்டுகள் அவ்வுரைகள் ஒருவர் வாயிலிருந்து மற்றொருவர் செவிக்கே சென்றன. பகவனின் மாணாக்கர்க்குப் பாலியில் சாவகர் என்று பெயர். கேட்போர் என்பதே அதன் பொருள். நம் அயோத்திதாச பண்டிதர் பௌத்த நூலென்று போற்றித் திரிக்குறள் என வழங்கிய நூலிலும் 42ஆம் அதிகாரம் கேள்வியே. அறிவுடைமை அதற்கு அடுத்த அதிகாரமாகவே வருகின்றது. இவ்வரிசையைச் சிந்தியுங்கள்.

கேட்போர் மூவகையினர் என்று அங்குத்தர நிகாயத்தில் பகவன் விளக்குகின்றார். முதலாமவன் கவிழ்த்து வைத்த குடத்தை ஒத்தவன். எவ்வளவு நீர் ஊற்றினும் உள்ளே ஒரு துளியும் நில்லாது. இரண்டாமவன் மடியில் எள்ளும் அரிசியும் தின்பண்டமும் வைத்துக்கொண்டு அமர்ந்திருப்பவனை ஒத்தவன். இருக்கும்வரை எல்லாம் இருக்கும், எழுந்தவுடன் யாவும் சிதறிப்போகும். மூன்றாமவன் நிமிர்த்தி வைத்த குடத்தை ஒத்தவன். ஊற்றியது அவனிடம் தங்கும். தம்ம உரையைக் கேட்பது குறித்துச் சொல்லப்பட்டதாயினும், நம் இல்லங்களுக்கும் இது பொருந்தும். மனைவி பேசும்போது நான் எக்குடம்? முதிய தாய் ஒரே செய்தியை மூன்றாம் முறை கூறும்போது எக்குடம்? கைபேசியைப் பார்த்தபடியே “சொல், கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்” என்று மகளுக்கு விடையளிக்கும்போது எக்குடம்?

இனி, தம்மபத அட்டகதையில் உள்ள ஒரு வரலாற்றைக் கூறுகின்றேன். நெசவால் வயிறு வளர்த்தவன் நான். ஆதலின் இவ்வரலாறு எனக்கு மிக நெருங்கியது.

ஆளவி என்னும் ஊரில் ஒரு நெசவாளியின் மகள் இருந்தாள். பகவன் ஒருமுறை அவ்வூருக்கு வந்து, மரணம் உறுதி என்பதைச் சிந்திக்குமாறு உபதேசித்தார். ஊரார் கேட்டனர், எழுந்து சென்றனர், மறந்தனர். அச்சிறுமி ஒருத்தியே மூன்று ஆண்டுகள் அதனை இடைவிடாது எண்ணிவந்தாள். பகவன் மீண்டும் அவ்வூருக்கு வந்த நாளில், அவளும் கேட்கப் புறப்படும் வேளையில், தறியில் ஆடை முடியாமல் இருக்கின்றது, விரைந்து தார் சுற்றிக் கொண்டுவா என்று தந்தை சொல்லிவிட்டான். அவள் தார் சுற்ற அமர்ந்தாள். அங்கே ஊரார் திரண்டு பகவனுக்கு உணவளித்துவிட்டு உபதேசத்துக்குக் காத்திருந்தனர். பகவனோ வாய் திறக்கவில்லை. ஒரு நெசவுக்காரப் பெண் வேலை முடித்து வரும்வரை, ஓர் ஊர் முழுவதையும் எதிரே வைத்துக்கொண்டு, அவர் மௌனமாய் அமர்ந்திருந்தார்.

தார்க்கூடையுடன் அவள் வந்து கூட்டத்தின் ஓரத்தில் நின்றாள். பகவன் அவளை அருகழைத்து நான்கு வினாக்கள் வினவினார். எங்கிருந்து வருகின்றாய் என்றதற்கு, அறியேன் என்றாள். எங்கே போகின்றாய் என்றதற்கும் அறியேன் என்றாள். அறியாயோ என்றதற்கு, அறிவேன் என்றாள். அறிவாயோ என்றதற்கு, அறியேன் என்றாள். கூட்டம் சினந்தது. தறிகாரன் மகள் பகவனிடமே வாய்க்கு வந்தபடி பேசுகின்றாளே என்று முணுமுணுத்தனர். பகவன் அவர்களை அடக்கிவிட்டு, அவள் எப்பொருளில் அவ்வாறு கூறினாள் என்று அவளையே கேட்டார். அவள் விளக்கினாள். எங்கிருந்து இப்பிறப்புக்கு வந்தேன் என அறியேன். இறந்தபின் எங்கே செல்வேன் என அறியேன். இறப்பேன் என்பதை அறிவேன். எப்போது என அறியேன். ஒவ்வொரு விடைக்கும் பகவன் நன்று என்று கூறி ஏற்றுக்கொண்டார்.

கூட்டமும் பகவனும் கேட்டவை ஒரே சொற்கள். கூட்டம் பேசியவள் இன்னாள் என்பதைக் கேட்டது; பகவன் சொன்ன பொருளைக் கேட்டார். விளங்காதபோது கூட்டம் கோபித்தது, அவரோ வினவினார். நற்கேள்விக்கு இதைவிடச் சிறந்த பாடம் நான் அறியேன்.

அவ்வரலாற்றின் முடிவு துயரமானது. அவள் தந்தையிடம் சென்றபோது அவன் தறியிலேயே அமர்ந்தபடி உறங்கிக்கொண்டிருந்தான். கூடை தறியில் இடித்த ஓசைக்குத் திடுக்கிட்டு விழித்துத் தறியை இழுத்தான். அதன் முனை அவள் மார்பில் தாக்கி அங்கேயே உயிர் நீத்தாள். அழுதுகொண்டு பகவனிடம் ஓடிய அவனை அவர் தேற்றினார். அவன் துறவு பூண்டு பின் அருகத்தானான். மகள் அன்று என்ன கேட்டு வந்தாள் என்பதை அவள் வாயால் கேட்கும் பேறு மட்டும் அவனுக்கு இல்லாமற் போயிற்று.

இவ்விடத்தில் என் குற்றம் ஒன்றையும் நான் மறைத்தல் ஆகாது. ஆலையில் நூற்றுக்கணக்கான தறிகள் ஓடும் கூடத்தில் பல ஆண்டுகள் உழைத்தவன் நான். அங்கே பக்கத்தில் நிற்பவன் பேசுவதும் கேளாது. சைகையாலும் உதட்டசைவாலும் அறிந்துகொள்வோம். பேசவேண்டின் காதருகே கத்துவோம். அப்பழக்கம் வீட்டுக்கும் வந்தது. ஆலையை விட்டு உபதேசியான பின்னும் அது போகவில்லை.

என் மகன் ஒரு தொழிற்பயிற்சிக் கூடத்தில் பயின்றுவந்தான். ஒருநாள் இரவு, “அப்பா, நாளை முதல் நான் அங்கே போகவில்லை” என்றான். ஏன் என்று நான் கேட்கவில்லை. பாபாசாகேப் பட்ட துன்பங்களையும் அவர் கற்ற கல்வியையும் ஒரு மணி நேரம் எடுத்துரைத்தேன். தலைகுனிந்து கேட்டான், என் உரை பலித்தது என மகிழ்ந்தேன். சில மாதங்கள் சென்று, சொல்லாமலே வேறூருக்குக் கூலி வேலைக்குப் போய்விட்டான். அவன் தாய் அப்போதுதான் என்னிடம் கூறினாள். “அங்கே அவனுக்கு மட்டும் தண்ணீருக்குத் தனிக் குவளை வைத்திருந்தார்கள். அதைச் சொல்லத்தான் அன்று உங்களிடம் வந்தான். நீங்கள் சொல்ல விடவில்லை.”

சகோதரர்களே! 1927 மார்ச் 20 அன்று மகாட் குளத்தில் பாபாசாகேப் நீர் அள்ளிப் பருகியதை நான் எத்தனை மேடைகளில் பேசியிருக்கின்றேன்! என் மகன் தண்ணீரைப்பற்றிச் சொல்ல வந்தபோது அதே வரலாற்றைக் கூறியே அவன் வாயை அடைத்தேன். கவிழ்ந்த குடம் நானே.

பின்னர் அவன் இருக்குமிடம் சென்றேன். “அன்று நீ சொல்ல வந்ததை இன்று சொல், தம்பி” என்று மட்டும் கூறி அமர்ந்தேன். வெகுநேரம் அவன் பேசவில்லை. நானும் பேசவில்லை. பிறகு பேசினான், ரயிலுக்கு நேரமாகும்வரை பேசினான். அவனுக்குக் கூற என்னிடம் பெரிய விடை ஒன்றும் இல்லை. ஆயினும் இப்போது வாரந்தோறும் அவனே தொலைபேசியில் அழைக்கின்றான்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். வாய்மூடிக் கேட்டிருப்பதுதானே நம் முன்னோருக்கு விதிக்கப்பட்டது, அதையா மீண்டும் போதிக்கிறீர் என்று கேட்கலாம். அன்று. அச்சத்தால் வாய்மூடுதல் அடிமைத்தனம். அன்பால் செவிகொடுத்தல் தம்மம். பேச்சு மறுக்கப்பட்டோர்க்காகவே பாபாசாகேப் 1920இல் ‘ஊமைகளின் தலைவன்’ எனப் பொருள்படும் மூக் நாயக் இதழைத் தொடங்கினார். அநீதியை எதிர்த்து நாம் பேசியே தீரவேண்டும். ஆனால் ஊரால் ஊமையாக்கப்பட்டவன், தன் வீட்டில் மனைவியையும் மருமகளையும் பிள்ளைகளையும் ஊமையாக்குவானாயின், அவன் எதிலிருந்து விடுதலை பெற்றான்?

நன்மொழிக்குப் பகவன் ஐந்து இலக்கணங்கள் வகுத்தார்: காலமறிந்து சொல்லல், உண்மை சொல்லல், இனிமையாகச் சொல்லல், பயன்படச் சொல்லல், அன்புள்ளத்தோடு சொல்லல். இவற்றுள் உண்மையை ஒருவேளை நாம் தனித்து அறியலாம். ஏற்ற காலம் எது, எதிரில் இருப்பவர்க்குப் பயன் எது என்பதை அவர் சொல்லைக் கேளாமல் எவ்வாறு அறிவது? ஆதலினால்தான் நற்கேள்வி முன்னும் நல்வாய்மை பின்னும் நிற்கின்றன.

அடுத்த பௌர்ணமிவரை மூன்று பழக்கங்களைக் கைக்கொள்வோம். பேசுவோர் முடிக்கும்வரை குறுக்கிடாதிருப்போம். விளங்காவிடில் சினவாது, நீ கூறியது இன்னதுதானா என வினவுவோம். அறிவுரை கூறுமுன், நான் ஏதேனும் சொல்லவேண்டுமா, கேட்டால் மட்டும் போதுமா என்று கேட்போம். சினம் மூண்டிருந்தால் அது தணிந்தபின் அமர்வோம்.

இன்றிரவு வீடு சென்றதும், நெடுநாளாக உங்களிடம் ஒன்றைச் சொல்ல வந்து சொல்லாமலே திரும்பியவர் யார் என்று எண்ணிப்பாருங்கள். அவர் அருகே அமருங்கள். ஆளவியில் ஒரு நெசவுக்காரப் பெண்ணுக்காகப் பகவன் காத்திருந்தாரே, அவ்வாறு காத்திருங்கள்.

எல்லா உயிர்களும் இன்புற்றிருக்க!

சாது! சாது! சாது!